நாய்க்கு மயக்க மருந்து: புதுச்சேரி, கடலூரில் கிடைக்கும் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

நாய்க்கு ஆபரேஷன் என்று முடிவானதும் புதுச்சேரியிலும் கடலூரிலும் வளர்ப்பவர்கள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "டாக்டர், ஊசி மயக்கமா, கேஸ் மயக்கமா?" கேஸ் என்றால் பயமில்லை, ஊசி என்றால் ஆபத்து என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. அது பாதிதான் உண்மை. முதலில் கேட்க வேண்டியது வேறு: "ஆபரேஷன் நடக்கும்போது நாயோட தலைமாட்டுல யார் இருப்பாங்க டாக்டர்? அந்த நேரத்துல அவங்களுக்கு வேற வேலை இருக்குமா?" இந்தப் பகுதியில் கிடைக்கும் மயக்கச் சேவைகளை இந்தக் கேள்வியை வைத்தே இங்கே எடைபோட்டிருக்கிறேன். மருந்து எது, மெஷின் எது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

காரணம் இருக்கிறது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை ஏறத்தாழ 98,000 நாய்களை வைத்து ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. மயக்கத்தாலோ அதை ஒட்டியோ இறந்தவை பத்தாயிரத்துக்கு 17. ஆரோக்கியமாக இருந்த நாய்களை மட்டும் எடுத்தால் பத்தாயிரத்துக்கு 5. ஏற்கெனவே நோயோடு வந்த நாய்களில் 133. இறந்தவற்றில் கிட்டத்தட்ட பாதி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மருந்தை நிறுத்திய பிறகு போயிருக்கின்றன. அதிலும் பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்துக்குள். ஆக, நாய் மேஜைக்கு வருமுன் அதன் உடல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும், மேஜையிலிருந்து இறங்கிய பிறகு பக்கத்தில் ஆள் இருப்பதும்தான் உயிர் காக்கிற இரண்டு விஷயங்கள். நாம் பணம் கொடுத்து வாங்கும் சேவையில் இந்த இரண்டும்தான் எளிதாக விட்டுப்போகின்றன.

ஊசி மட்டும்

சைலசின், கெட்டமின் ஜோடி. கூடவே சில இடங்களில் டயசிபாம் அல்லது மிடாசோலம். அரசு கால்நடை மருத்துவமனைகளிலும் கருத்தடை முகாம்களிலும் சிறிய கிளினிக்குகளிலும் இதுதான் வழக்கம். விலை குறைவு, பெரிய மெஷின் தேவையில்லை, 20 முதல் 40 நிமிட வேலைக்குப் போதும். தேர்ந்த கை ஒரு நாட்டு நாய்க்கு இந்த மயக்கத்தில் கருத்தடை செய்து, அதே நாள் மாலை அதை எழுந்து நடக்க வைத்துவிடும். இதைக் கேவலமாகப் பேசுவது நியாயமில்லை.

ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சைலசின் போட்ட 5, 10 நிமிடத்தில் பல நாய்கள் வாந்தி எடுக்கும். இதயத் துடிப்பு சட்டென்று இறங்கும், பாதியாகக்கூடக் குறையலாம். ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ஈறு வெளுத்துத் தெரியும். ஆரோக்கியமான இளம் நாய் இதைத் தாங்கும். இதயக் கோளாறு உள்ள நாயும், ரத்தசோகை உள்ள நாயும், பத்து வயதைத் தாண்டிய நாயும் தாங்குவது கடினம். கெட்டமின் தரும் மயக்கத்தில் கண் திறந்தே இருக்கும், எச்சில் ஊறும், தசை விறைக்கும். கண் இமைக்காததால் கருவிழி காய்ந்து புண்ணாகும். அதனால் இரண்டு கண்ணிலும் கண் ஜெல் தடவியிருக்கிறார்களா என்று பாருங்கள். சின்ன வேலைதான், ஆனால் அதைச் செய்கிற இடத்தில் மற்றதையும் ஒழுங்காகச் செய்வார்கள்.

இந்த முறை தவறுவது பெரும்பாலும் முதல் ஊசியில் அல்ல, "டாப் அப்" கொடுக்கும்போதுதான். ஆபரேஷன் எதிர்பார்த்ததைவிட நீளும், நாய் காலை உதறும், இன்னொரு அரை டோஸ், பிறகு இன்னொன்று. கேஸ் என்றால் திருகைக் குறைத்தால் சில நிமிடத்தில் வெளியேறிவிடும். உடம்புக்குள் போன ஊசியை ஈரலும் சிறுநீரகமும்தான் வெளியேற்ற வேண்டும். சைலசினுக்கு யோஹிம்பின், அடிப்பமிசோல் என்று முறிவு மருந்துகள் உண்டு. கெட்டமினுக்கு முறிவு இல்லை. சைலசினை அவசரப்பட்டு முறித்தால் கெட்டமின் மட்டும் மிஞ்சி, நாய் விறைத்துத் துடிக்கும், சில நேரம் வலிப்பு மாதிரியே இருக்கும். "சீக்கிரம் எழுப்பிக் கொடுங்க, கடலூர் போகணும்" என்று டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள்.

ஊசி மயக்கமானாலும் மூன்று பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்: முன்னங்காலில் வென்ஃப்ளான் (நரம்பில் பொருத்தி வைக்கும் ஊசிக்குழாய்), அந்த நாயின் அளவுக்கேற்ற மூச்சுக்குழாய் (வாய்வழியே தொண்டைக்குள் செலுத்துவது), ஆக்சிஜன். இவை இருந்தால் ஊசி மயக்கம் நம்பத் தகுந்த சேவை. வென்ஃப்ளான் போடாமல் தொடையில் ஊசி குத்திவிட்டு வயிற்றைத் திறக்கும் இடத்துக்கு என் நாயைக் கொண்டுபோக மாட்டேன். இதயம் தடுமாறும் நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்து நரம்பு சுருங்கிவிடும். அப்போது நரம்பைத் தேடிப் பிடிக்க முடியாது.

கேஸ் மயக்கம்

முழு வரிசை இப்படி: முதலில் பதற்றத்தையும் வலியையும் குறைக்க ஒரு முன்மருந்து, உதாரணத்துக்குப் பியூட்டர்ஃபனாலும் மிடாசோலமும். கால் மணி கழித்து நரம்பு வழியாகப் புரோபஃபால் என்ற மயக்க ஊசி. நாய் தளர்ந்ததும் மூச்சுக்குழாய். அதன்பின் ஆக்சிஜனோடு ஐசோஃபுளூரேன் என்ற மயக்க கேஸ்.

புரோபஃபால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். முன்மருந்து இல்லாவிட்டால் கிலோவுக்கு 4 முதல் 6 மி.கி. வரை தேவைப்படும், முன்மருந்து இருந்தால் அதைவிடக் குறைவு. கணக்கிட்ட அளவை ஒரே அழுத்தில் தள்ளினால் மூச்சு நின்றுவிடும். ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக, தாடை தளர்கிறதா என்று பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். பல நேரம் முழு அளவும் தேவைப்படாது. எண்ணெய்க் கலவை என்பதால் திறந்த மருந்தில் கிருமி வேகமாகப் பெருகும், 6 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். காலையில் திறந்ததை மறுநாளைக்கு ஃபிரிட்ஜில் வைக்கிற பழக்கம் உள்ள இடம் வேண்டாம்.

மூச்சுக்குழாய் விஷயத்தில் நேரம் செலவழிப்பது தகும். 10 கிலோ நாய்க்கு 7 அல்லது 8 மி.மீ., 30 கிலோ லேபுக்கு (லாப்ரடார்) 10 அல்லது 11. பக் நாயின் மூச்சுப்பாதை அதன் எடைக்குப் பொருந்தாத அளவு குறுகல், 8 கிலோ பக்குக்கு 6 மி.மீ. அளவில்தான் போகும். அதனால் மூன்று அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். குழாயின் நீளத்தை நாயின் மூக்கிலிருந்து தோள்பட்டை வரை வைத்துப் பார்ப்பார்கள். அதைவிட உள்ளே போனால் ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்று போகும். நுனியில் உள்ள பலூனில் காற்று குறைந்தால் கேஸ் கசியும், வாந்தி உள்ளே இறங்கும். கூடினால் மூச்சுக்குழல் சுவர் கிழியும், பூனைகளுக்கும் சின்ன நாய்களுக்கும் இது அதிகம். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கும்போது குழாயை மெஷினிலிருந்து ஒரு கணம் கழற்றிவிட்டுத் திருப்ப வேண்டும். மாட்டியபடியே திருப்பினால் குழாய் உள்ளே முறுகிச் சுவரைக் கீறும்.

மெஷின் பளபளப்பாக இருப்பது ஒரு பொருட்டல்ல. கடைசியாக எந்த நாய்க்கு ஓடியது, கேஸை அளந்து விடும் வேப்பரைசர் எப்போது சர்வீஸ் ஆனது என்பதே கேள்வி. மாதத்துக்கு ஒரு முறை ஓடும் மெஷினைவிடத் தினமும் கையாளும் ஊசி மயக்கம் மேல். ஒவ்வொரு நாளும் காலையில் குழாயின் வாயை அடைத்து, மெஷினில் உள்ள மூச்சுப் பையை நிரப்பி, கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறைக்குள் நுழையும்போதே காரமான இனிப்பு வாடை அடித்தால் எங்கோ கசிகிறது. நாய்க்குப் போக வேண்டியது அங்கே நிற்பவர்களின் மூக்குக்குப் போகிறது. கரியமில வாயுவை உறிஞ்சும் சோடாலைம் வெள்ளைக் குருணை, தீர்ந்தால் ஊதாவாகும். ஓய்வில் கிடந்தால் அந்த நிறம் மறைந்து மறுபடி வெள்ளையாகத் தெரியும். நிறத்தை நம்பக் கூடாது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று டப்பாவின் மேல் எழுதி வைக்க வேண்டும்.

இதில் மிகக் கொடுமையான தவறு ஒன்று உண்டு. கசிவைச் சோதிக்கும்போது அழுத்தம் வெளியேறும் வால்வை மூடுவார்கள். அதைத் திறக்க மறந்து நாயை இணைத்தால், பை பலூன் மாதிரி உப்பும், நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், இதயத்துக்கு ரத்தம் திரும்பி வராது. ஓரிரு நிமிடம் போதும், ஆரோக்கியமான நாய் செத்துவிடும். தலைமாட்டில் ஆள் வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்கு இந்த ஒரு வால்வே போதும். பை உப்புவதைக் கண்ணால் பார்க்க ஒருவர் இருந்தால் இந்தச் சாவு நடக்காது.

ஷிட்ஸூ, பொமரேனியன் குட்டி என்று 5 கிலோவுக்குக் குறைந்தவற்றுக்குப் பெரிய நாயின் வளையக் குழாய் ஒத்துவராது, அதன் எதிர்ப்பை மீறி மூச்சிழுக்க முடியாது. அவற்றுக்கு வேறு குழாய் அமைப்பு உண்டு, அதில் ஆக்சிஜன் கிலோவுக்கு நிமிடத்துக்கு 200 மி.லி. போல ஓட வேண்டும். "சின்ன நாய்க்குத் தனி சர்க்யூட் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முகமூடி வைத்துக் கேஸாலேயே மயக்கத்தைத் தொடங்குவது பழைய பழக்கம். நாய் திமிறும், பயப்படும், தேவைக்கு அதிகமாக மருந்து போகும். அதற்கு என் ஓட்டு இல்லை.

ஐசோஃபுளூரேனின் குறை, ரத்த அழுத்தத்தை இறக்குவது. திருகு 1.5 முதல் 2 சதவீதத்தில் நின்றால் நல்லது. 3-லேயே நிற்கிறது என்றால் வலிக்குத் தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை என்று பொருள். வெட்டும் இடத்தை மரத்துப்போகச் செய்ய லிக்னோகெய்ன் கொடுத்தால் கேஸ் தேவை குறைகிறது. மலிவான மருந்து. 2 சதவீதக் கரைசலில் மி.லி.க்கு 20 மி.கி. இருக்கும், கிலோவுக்கு 6 மி.கி. என்ற வரம்புப்படி 10 கிலோ நாய்க்கு மொத்தம் 3 மி.லி.யைத் தாண்டக் கூடாது. ஆண் நாய் கருத்தடையில் விதைக்குள்ளேயே சிறிது செலுத்தினால், இழுக்கும்போது துடிப்பு எகிறாது. ஆபரேஷனுக்கு முன்பே இதைக் கேட்டு வாங்குங்கள்.

மானிட்டரும் ஒரு தாளும்

ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க நாக்கில் மாட்டும் கிளிப் எல்லா இடத்திலும் வந்துவிட்டது. அதை நெருங்கிப் பாருங்கள். கால் மணி நேரம் ஒரே இடத்தில் கடித்துக்கொண்டிருந்தால் நாக்கு அங்கே வெளுத்து, காய்ந்து, 98 என்று காட்டியது 91-க்கு இறங்கும். விவரம் தெரிந்தவர் முதலில் ஈறைப் பார்ப்பார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பார், பிறகு ஈரப் பஞ்சை நாக்குக்கும் கிளிப்புக்கும் இடையில் வைத்து இடம் மாற்றுவார், எண் ஏறிவிடும். தெரியாதவர் "கிளிப் சரியில்லை" என்று அலாரத்தை அணைப்பார். உண்மையிலேயே ஆக்சிஜன் இறங்கும் நாளிலும் அதே கை அதே அலாரத்தைத்தான் அணைக்கும்.

முழு ஆக்சிஜன் சுவாசிக்கும் நாய் மூச்சை நிறுத்தினாலும் அந்த எண் சில நிமிடம் அப்படியே நிற்கும். உடனே சொல்வது மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப். 35 முதல் 45 வரை சரி. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மேடு வரும், மேடே வராமல் கோடு தட்டையானால் குழாய் கழன்றிருக்கும், மூச்சு நின்றிருக்கும், அல்லது இதயம் நின்றிருக்கும். மேட்டின் அடி பூஜ்யத்துக்கு இறங்காவிட்டால் சோடாலைம் தீர்ந்திருக்கலாம். இவ்வளவும் ஒரே கோட்டில். கேஸ் மெஷினுக்கு அடுத்து கிளினிக்குகள் எதில் முதலீடு செய்ய வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ரத்த அழுத்தத்துக்குக் கட்டும் பட்டையின் அகலம், கட்டும் இடத்தின் சுற்றளவில் 40 சதவீதம் இருக்க வேண்டும். மனிதக் குழந்தைக்கான பட்டையைப் பக்கின் காலில் கட்டினால் வரும் எண் வெறும் எண்தான். மேல் அளவு 90-க்குக் கீழே, சராசரி 60-க்குக் கீழே போனால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போதாது.

இத்தனை கருவியும் இல்லாத இடத்தில்கூட ஒரு தாளும் பேனாவும் இருக்க முடியும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன், ஈறு நிறம், கேஸ் அளவு. அந்தத் தாளை முன்கூட்டிக் காட்டச் சொல்லுங்கள், வேறு ஏதாவது ஒரு நாயுடையது, பெயரை மறைத்துக் காட்டட்டும். கட்டங்கள் நிரம்பியிருந்தால் தலைமாட்டில் ஆள் இருந்திருக்கிறார். எல்லாக் கட்டத்திலும் ஒரே எண், ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியதாகத் தெரிந்தால் ஆபரேஷன் முடிந்த பிறகு நிரப்பியது.

டிரிப்ஸ் பற்றி ஒரு சொல். 10 கிலோ நாய்க்கு மணிக்கு 50 மி.லி. போதும், சாதாரண செட்டில் நிமிடத்துக்கு 17 துளி. அரை லிட்டர் பாட்டில் ஒரு மணி நேரத்தில் காலியானால் அது பக்குவம் அல்ல. சின்ன நாய்க்கும் இதய நோய் உள்ள நாய்க்கும் நுரையீரலில் நீர் கோக்கும்.

முன்பரிசோதனை: உண்ணிக் காய்ச்சல்

நம் கடலோரப் பகுதியில் உண்ணிக்கு ஓய்வு மாதம் கிடையாது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா என்ற கிருமிகள் இரண்டும் நாயின் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கும், நாய் சாப்பிடும், விளையாடும். மேஜையில் ஏறினால்தான் தெரியும்: தையல் போட்ட இடத்தில் ரத்தம் நிற்காது. அதனால் எவ்வளவு இளம் நாயானாலும் சரி, ரத்தப் பரிசோதனை இல்லாமல் கருத்தடைக்கு நாள் குறிக்காதீர்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு (PCV) 37 முதல் 55 சதவீதம் இயல்பு. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். மெஷின் 60,000 என்று காட்டினால் உடனே பயப்பட வேண்டாம், தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு குறைவாகத் தெரிவதுண்டு. கண்ணாடித் தட்டில் ரத்தத் துளியைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். எர்லிக்கியா உறுதியானால் டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம், மறுபடி பரிசோதனை, அதன் பிறகே ஆபரேஷன். கருத்தடை ஒரு மாதம் தள்ளிப்போவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

கர்ப்பப்பையில் சீழ் வைத்துவிட்டால் இந்தப் பொறுமை செல்லாது. அப்போதும் ஓடி வந்தவுடன் மயக்கம் கொடுப்பதைவிட, சில மணி நேரம் டிரிப்ஸும் ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றி ரத்த அழுத்தத்தைத் தூக்கிவிட்டு மேஜைக்கு எடுக்கும் டாக்டரை நம்புங்கள். "ஏன் இன்னும் ஆபரேஷன் பண்ணல?" என்று வெளியில் நின்று கத்துவது நாய்க்கு உதவாது.

எடையைத் தராசில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும், கண் மதிப்பு கூடாது. 40 கிலோ உள்ள கொழுத்த லேபுக்கு 40 கிலோவுக்கான மருந்து அதிகம், அது மெலிந்திருந்தால் என்ன எடை இருக்குமோ அதற்குத்தான் கணக்கு. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லி வேட்டை நாய்களுக்குக் கொழுப்பே கிடையாது, தயோபென்டோன் கொடுத்தால் தெளிய வெகுநேரம் பிடிக்கும், அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள். வெள்ளை ராஜபாளையம் சிலவற்றுக்குக் காது கேட்காது. அதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மயக்கம் தெளியும் நேரத்தில் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும்.

பட்டினி 6 மணி நேரம் போதும். முந்தின நாள் மதியத்திலிருந்தே பட்டினி போடுவது கொடுமை, வயிற்று அமிலம் மேலேறி உணவுக்குழலைப் புண்ணாக்கவும் செய்யும். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு 1, 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். தண்ணீரைக் கிளம்பும் வரை வைக்கலாம். ஏற்கெனவே கொடுக்கும் மருந்துகளை எழுதிக் கொண்டுபோங்கள். தோல் அரிப்புக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டை நிறையப் பேர் மருந்தாகவே எண்ணுவதில்லை, அதோடு வலி மருந்தான மெலாக்சிகாம் சேர்ந்தால் குடலில் ஓட்டை விழலாம்.

வீட்டுக்கு வந்து போடும் ஊசி, மயக்கமில்லாப் பல் சுத்தம்

இரண்டும் வேண்டாம். முடிவெட்ட, நகம் வெட்ட என்று வீட்டில் வந்து மயக்க ஊசி போட்டுவிட்டு அரை மணியில் கிளம்பிவிடும் சேவையில் ஆக்சிஜன் இல்லை, குழாய் இல்லை, பிறகு பார்க்க ஆளும் இல்லை. மே மாத வெயிலில் பக்குக்கு இப்படி ஊசி போடுவது மூச்சை விலை பேசுவது. கடிக்கிற நாய் என்றால், கிளம்புமுன் பதற்றத்தைக் குறைக்க வாய்வழி கொடுக்கும் கபாபென்டின் அல்லது டிரசோடோன் எழுதித் தருமாறு டாக்டரிடம் கேளுங்கள். தீபாவளி வெடிக்கு ஏசிபுரோமசின் என்ற மருந்தைக் கொடுத்து அடக்குவதும் தவறு. உடம்பு அசையாது, பயம் அப்படியே இருக்கும்.

மயக்கமில்லாமல் பல் சுத்தம் செய்வதில் கண்ணுக்குத் தெரியும் காரை மட்டும் போகும், நோய் இருப்பது ஈறுக்கு அடியில். ஒழுங்கான ஸ்கேலிங்குக்கு மூச்சுக்குழாய் கட்டாயம், ஏனென்றால் தெறிக்கும் தண்ணீரும் கிருமியும் நுரையீரலுக்குள் இறங்கும். தொண்டையில் பஞ்சுத்துணியும் வைப்பார்கள். அதன் நுனியில் நீளமாக நூல் கட்டி வெளியே விட்டிருக்க வேண்டும், குழாயை எடுக்குமுன் துணியை எண்ணி எடுக்க வேண்டும். மறந்துவிட்ட துணி, எழுந்த நாயின் மூச்சை அடைக்கும்.

தெளியும் நேரம்

சேவையின் தரம் இங்கேதான் வெளிப்படுகிறது. நாயின் இயல்பான வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். வெளியே கடலூர் வெயில் கொளுத்தினாலும் ஏசி அறையில், வயிறு மழித்து, ஸ்பிரிட் துடைத்து, ஸ்டீல் மேஜையில் ஒரு மணி நேரம் கிடந்தால் 97-க்கு இறங்கிவிடும். குளிர்ந்த உடம்பில் ஈரல் மந்தமாகும், மருந்து கழிய நேரமாகும், ரத்தம் உறைவதும் தாமதமாகும். மேஜையில் துணி அல்லது குமிழ் பிளாஸ்டிக், பாதங்களுக்குச் சாக்ஸ், துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை. சுற்றாமல் வைத்த வெந்நீர்ப் பை தோலை வேகவைத்துவிடும். மயங்கிய நாய் விலகிப் படுக்காது, அந்தப் புண் மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

குழாயை எடுக்கும் நேரம் நாய் விழுங்கும்போது. பக், ஷிட்ஸூ, புல்டாக் மட்டும் விதிவிலக்கு. அவை தலையைத் தூக்கி, குழாயை மென்று, இனி வேண்டாம் என்று உதறும் வரை குழாய் உள்ளேயே இருக்கட்டும். தொண்டையில் தொங்கும் நீண்ட சதை அரைமயக்கத்தில் மூச்சை அடைத்துவிடும். கழுத்தை நீட்டி, நாக்கை வெளியே இழுத்து, நெஞ்சு தரையில் படும்படி படுக்க வைத்து, எடுத்த பிறகும் புதுக் குழாயும் புரோபஃபாலும் பக்கத்திலேயே வைத்திருப்பவரிடம் கண்ணை மூடிக்கொண்டு பக்கை விடலாம்.

இதனால்தான் காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். மாலை 6 மணிக்கு ஆபரேஷன் முடிந்து 7 மணிக்கு ஷட்டரை இறக்கும் இடத்தில், நாயின் ஆபத்தான 3 மணி நேரமும் உங்கள் வீட்டில்தான் கழியும். மின்சாரத்தையும் கேளுங்கள். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் கரன்ட் போனால் நின்றுவிடும், சிலிண்டர் நிற்காது. சின்ன பி வகைச் சிலிண்டரில் 1,500 லிட்டர் இருக்கும், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினாலும் 12 மணி நேரம் வரும். 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலையும் பார்த்த ஊர் இது. மழைக்காலத்தில் அவசரமில்லாத ஆபரேஷனுக்கு நாள் குறிக்குமுன் வானிலை அறிக்கையைப் பாருங்கள்.

எழுந்து தானே நான்கு அடி நடந்து, வெப்பம் 99-ஐத் தாண்டிய பிறகே வீட்டுக்கு. புதுச்சேரியிலிருந்து கடலூர் 20 கிலோமீட்டருக்கு மேல். பைக்கில் மடியில் வைத்துக்கொண்டு போவது கூடாது, ஒருவர் வண்டி ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்து மடங்காமல் பார்க்க வேண்டும். வாய்க்கூண்டு போடாதீர்கள், வாந்தி வந்தால் உள்ளே இறங்கும். முழுத் தெளிவு வந்ததும் சிறிது தண்ணீர், ஒரு மணி கழித்து வழக்கமான சாப்பாட்டில் கால் பங்கு. வலிக்கு மெலாக்சிகாம் எழுதினால் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி., அடுத்த நாளிலிருந்து 0.1, சாப்பாட்டுக்குப் பிறகு. வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது. ஈறு வெள்ளையானாலும், வயிறு உப்பினாலும், எழுப்பி எழுப்பி மறுபடி மயங்கினாலும் விடியும் வரை காத்திருக்காமல் அழையுங்கள். அந்த இரவு எண்ணில் எடுப்பவர் யார் என்பதைப் பணம் கட்டும்போதே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

எந்த நாய்க்கு எந்த இடம்

ஆரோக்கியமான இளம் நாட்டு நாய்க்குக் கருத்தடை: ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால், வென்ஃப்ளானும் குழாயும் ஆக்சிஜனும் வைத்து ஊசி மயக்கம் கொடுக்கும் அருகிலுள்ள இடமே போதும். தூரத்துக்கு இழுத்தடிக்கத் தேவையில்லை. பக், வயதான லேப், இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் (மர்மர்) உள்ளது, எலும்பு ஆபரேஷன், இவற்றுக்குக் கேஸும் கேப்னோகிராஃபும் தனி ஆளும் உள்ள கிளினிக், சற்றுச் செலவானாலும். சிக்கலான சிகிச்சைகளுக்குக் குரும்பாப்பேட்டையில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தையும் கேட்டுப் பாருங்கள். பொதுவாகக் கற்பிக்கும் மருத்துவமனைகளின் பலம் ஆள் பலம்தான். தலைமாட்டில் நிற்க மாணவர்கள் இருப்பார்கள், தாள் நிரப்புவது பாடத்திலேயே உண்டு. காத்திருக்கும் நேரம் கூடும், காலையிலேயே போக வேண்டும். அவர்களாலும் முடியாதது என்றால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி.

பில் வாங்கும்போது மயக்கத்துக்கு ஆனதைத் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்: முன்மருந்து, மயக்க மருந்து, கேஸ் நேரம், வலி மருந்து. கூடவே அந்தத் தாளின் ஒரு நகலைக் கேட்டு வாங்கித் தடுப்பூசிப் புத்தகத்தில் மடித்து வையுங்கள். உங்கள் நாய்க்கு எந்த மருந்து எவ்வளவு பிடித்தது, எப்போது துடிப்பு இறங்கியது, எத்தனை மணிக்கு எழுந்தது என்று அதில் இருக்கும். அடுத்த முறை வேறு ஊரில், வேறு டாக்டர் ஊசியை நிரப்பும்போது அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.